பூமி சூடாவதைக் குறைக்கப் புதிதாக மரம் நட்டால் போதாதா, பழைய காட்டை ஏன் காக்க வேண்டும்?

நடலாம், தப்பில்லை. ஆனால் கணக்கு ஒத்துவராது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். பல நூறு வருடங்களாகச் சேர்ந்தது, வெட்டி எரித்தால் சில நாளில் புகையாகிவிடும். கன்றுகள் அதைத் திரும்பச் சேர்க்கத் தலைமுறைகள் ஆகும்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று: விதை. வெப்பமண்டலக் காடுகளில் கெட்டியான கட்டையுள்ள மரங்கள் பலவற்றுக்கு விதையும் பெரிது. இருவாச்சி மாதிரிப் பெரிய பறவை பழத்தை முழுசாக விழுங்கி, தொலைவில் போய்க் கொட்டையைக் கக்க வேண்டும். வேட்டையில் அந்தப் பறவை அழிந்தாலும் காடு பச்சையாகத்தான் தெரியும். ஆனால் மெல்ல மெல்ல லேசான கட்டை மரங்கள் இடம்பிடிக்கும், சேரும் கார்பனும் குறையும்.

யூகலிப்டஸை வரிசையாக நட்டுவிட்டு அதைக் காடு என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் பத்து வருடத்துக்குள் அதையும் வெட்டிவிடுவார்கள்.