சின்னமுத்து ஊசி: போடவா, விடவா?

வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். சின்னமுத்து (மீசல்ஸ்), கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியைப் பற்றித் தாய்மார் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விசுவமடுவிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 9 மாதம். எம்.எம்.ஆர். ஊசி போட்டால் வலிப்பு வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா அக்கா?

தங்கச்சி, அது முழுப்பொய் இல்லை. ஊசி போட்டு 7 முதல் 12 நாளுக்குள் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், உடம்பும் கொஞ்சம் சிவக்கும். 3000, 4000 பிள்ளைகளில் ஒருவருக்கு அந்தக் காய்ச்சலில் வலிப்பு வரலாம். கண் செருகி, கைகால் இழுக்கும்போது பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்றுவிடும், மூளையைப் பாதிக்காது. பிள்ளையை ஒருபக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். கையில் திறப்பைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். 1990 அம்புலன்சுக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி நோயைப் பாருங்கள். சின்னமுத்து வந்த 1000 பிள்ளைகளில் ஒருவருக்கு மூளை வீங்குகிறது, ஒன்று முதல் மூன்று பேர் இறக்கிறார்கள். நோயாளி எழுந்து போய் 2 மணித்தியாலம் வரை அந்த அறைக் காற்றிலேயே வைரஸ் நிற்கும். 2019இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2023இல் திரும்பி வந்துவிட்டது. என் பேத்திக்கு ஊசி போடும்போது நான்தான் மடியில் வைத்திருந்தேன். எட்டாம் நாள் உடம்பு சுட்டது. நிறைக்கு ஏற்ற பரசிட்டமோல் கொடுத்தோம், இரண்டு நாளில் முற்றத்தில் தவழ்ந்தாள். 3 வயதில் அடுத்த ஊசி இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு அம்மம்மா: அம்மாள் வருத்தம் வந்து போனால் பிறகு வராதுதானே?

சின்னமுத்து ஒருமுறை வந்தால் திரும்ப வராது, சரி அம்மா. ஆனால் மற்ற நோய்களுக்கு உடம்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பையும் அது அழித்துவிட்டுப் போகும். பிறகு நியூமோனியா, வயிற்றோட்டம் என்று பிள்ளை தேய்ந்துபோகும். வாசலில் வேப்பிலை கட்டுங்கள், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வையுங்கள், ஊசியையும் போடுங்கள்.

ஒரு தந்தை: ஊசியால் ஆட்டிசம் வருமா?

வராது தம்பி. 1998இல் 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரையால் வந்த பயம் அது. அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் கட்டுரையை மீளப் பெற்றது.

முள்ளியவளையிலிருந்து ஒரு பெண்: 2009 இடப்பெயர்வில் என் கார்ட் தொலைந்துவிட்டது. ருபெல்லா ஊசி போட்டேனா தெரியாது. இப்போது பிள்ளை பெற யோசிக்கிறோம்.

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் மகள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ருபெல்லா வந்தால் பிள்ளையின் கண், காது, இதயம் பழுதாகும். முன்பு போட்டிருந்தாலும் இன்னொருமுறை போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது போடக்கூடாது, போட்டபின் ஒரு மாதம் கரு தங்காமல் பார்க்க வேண்டும். கிளினிக்கில் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

இன்னொருவர்: தடிமன் இருந்தால்?

சாதாரண தடிமனுக்குத் தள்ளிப்போட வேண்டாம். கடும் காய்ச்சல் என்றால் தணிந்தபின் போடலாம். ஊசி போட்டதும் 20 நிமிடம் அங்கேயே இருங்கள். பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரக்கூடிய கடும் ஒவ்வாமைக்கும் அங்கே மருந்து இருக்கிறது.