ஈட்டி எறியும் மகனுக்குத் தோள்பட்டை எலும்பு துருத்துவது ஏன்?

ஹட்டனில் பாடசாலைப் போட்டிக்காக ஈட்டி எறியும் மகனுக்கு, கையை இறக்கும்போது வலப்பக்கத் தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்துகிறது, ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள்.

துருத்தல் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். எறியும் பக்கம் சற்று வித்தியாசமாகத் தெரிவது வலியே இல்லாத வீரர்களிடமும் சாதாரணம். வலியும் சேர்ந்தால் கவனிக்க வேண்டும்.

அந்த எலும்புக்கு மார்புக்கூட்டோடு இருக்கும் எலும்புப் பிடிப்பு காறை எலும்பு வழியாக மட்டும்தான். மற்றபடி தசைகளே அதை விலாவோடு ஒட்டி வைத்திருக்கின்றன. கையை 180 பாகை உயர்த்தினால், அதில் ஏறக்குறைய 60 பாகை இந்த எலும்பின் சுழற்சியால் வருவது. சுழற்றும் வேலை முக்கியமாக விலாப்பக்கத்துச் செரேட்டஸ் தசைக்கும் முதுகின் ட்ரபீசியஸ் தசைக்கும். அவை களைத்து, முன்மார்பின் சிறு தசையும் இறுகினால் எலும்பு முன்னால் சாய்ந்துவிடும். அப்புறம் எறியும் ஒவ்வொரு முறையும் சுமை தோள் மூட்டின் தசைநார்களில்தான் விழும்.

சுவரில் கை ஊன்றித் தள்ளச் சொல்லுங்கள்; முழங்கை நேரான பிறகும் இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும், செரேட்டஸுக்கு வேலை அங்கேதான். ரப்பர் பட்டியைப் பின்னோக்கி இழுப்பதும் நல்லது. காலைக் குளிரில் உடம்பு சூடாகாமல் எறிய விடாதீர்கள். (கால், இடுப்புப் பயிற்சியையும் விடக்கூடாது. விசை அங்கிருந்துதான் கிளம்புகிறது, பலர் கையை மட்டும் பார்க்கிறார்கள்.)

சுவரைத் தள்ளும்போது எலும்பு சிறகுபோல் விரிந்தாலோ, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாவிட்டாலோ நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.