வங்கி ஏலத்தில் வீடு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கடன் கட்டாததால் வங்கி ஏலத்துக்கு வந்த ஒரு ஃபிளாட்டைச் சென்ற மாதம் ஆன்லைனில் ஏலம் கேட்டேன். 58 லட்சத்துக்கு மேல் போவதில்லை என்று நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம். எதிரில் ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தார். நானும் 63 வரை போய்விட்டேன். கடைசியில் 63.5க்கு அவர் எடுத்துக்கொண்டார். மனசு இன்னும் ஆறவில்லை. அடுத்த வாரம் தாம்பரம் பக்கம் இன்னொன்று வருகிறது. இந்த முறை எப்படி நிதானமாக இருப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

வீடு கைநழுவியதற்காக வருந்தாதீர்கள். 58 எப்படி 63 ஆனது என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டைப் பற்றி உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. இன்னொருவருக்கும் அது வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது. 50 ஆயிரம் 50 ஆயிரமாக இருவரும் மாறி மாறி ஏற்றினால், நீங்கள் ஐந்தே முறை தட்டியதும் 5 லட்சம் ஏறிவிடும். தட்டும்போது அது பணமாகவே தெரியாது.

எதிரில் கேட்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்து ஃபிளாட்காரராக இருக்கலாம். சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்துக்கொள்ள நினைத்திருப்பார். அங்கேயே குடியிருக்கும் வாடகைதாரராக இருக்கலாம். ஆளைக் காலி செய்ய வைக்கும் கவலையே அவருக்குக் கிடையாது. அவர்கள் விலை அவர்கள் கணக்குக்குச் சரி. உங்கள் கணக்கு வேறு.

சரி, அந்தக் கணக்கைப் போடுவோம். அதே பகுதியில், அதே வயதுள்ள ஃபிளாட் வெளியில் 70 லட்சம் என்று வையுங்கள். வங்கி ‘உள்ளது உள்ளபடி’ விற்கிறது. சொத்து வரி, அசோசியேஷன் பாக்கி, ரிப்பேர், பத்திரச் செலவு எல்லாம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். இவற்றைவிடப் பெரியது பொசஷன், அதாவது வீடு யார் கையில் இருக்கிறது என்பது. அறிவிப்பில் சிம்பாலிக் பொசஷன் என்று இருந்தால், நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, ஆனால் வீடு இன்னும் வங்கியின் கைக்கு வரவில்லை என்று அர்த்தம். கடன் கட்டாதவரின் சொத்தை வங்கி எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 14ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கித்தான் காலி செய்ய வைக்க வேண்டும். கடன் வாங்கியவர் 17ஆம் பிரிவின் கீழ் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போனால் இன்னும் இழுக்கும். அத்தனை மாதமும் இப்போதைய வாடகையும் ஓடும், இஎம்ஐயும் ஓடும். இதையெல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் உங்கள் விலை.

அது 58 என்றே வைப்போம். ஏலம் உங்களுக்கு முடிந்தால், அன்றோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ 25 சதவீதம், அதாவது 14.5 லட்சம் கட்ட வேண்டும். ஏற்கெனவே கட்டிய முன்பணம் அதில் கழியும். மீதி 43.5 லட்சம், விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் அவகாசம் நீளும், அதுவும் 3 மாதத்தைத் தாண்டாது. ஏல வீட்டுக்கு லோன் கிடைப்பதும் சுலபமில்லை. கட்ட முடியாவிட்டால் கட்டியது போச்சு.

2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முன் இந்த விஷயம்தான் வந்தது. 12 கோடி சொச்சத்துக்கு ஏலம் எடுத்தவர் கால் பங்கைக் கட்டிவிட்டு மீதியைக் கட்ட முடியாமல் நின்றார். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குப் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, 3 கோடிக்கு மேற்பட்ட அந்த முழுத் தொகையும் வங்கிக்கே என்று தீர்ப்பளித்தது. நண்பரே, 63 லட்சத்துக்கு உங்களிடம் வழி இருந்ததா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை.

இந்த வாரமே வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியிடம் பொசஷன் நிலை, பாக்கிகள், வழக்குகள் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போது அந்தக் குடும்பம் இன்னும் அங்கே இருக்கலாம். வீட்டை இழந்துகொண்டிருக்கிறவர்கள் அவர்கள்; அளவெடுக்கிற மாதிரி நிற்காமல் மரியாதையாகப் பேசுங்கள்.

அப்புறம், ஏலத்தன்று லாப்டாப் உங்கள் மனைவியிடம் இருக்கட்டும். கடைசி நிமிடங்களில் யார் கேட்டாலும் நேரம் தானாக நீளும், அதனால் அவசரப்பட எதுவுமில்லை. 58 வந்ததும் அவர் லாக்அவுட் செய்துவிடட்டும். எவ்வளவுக்குப் போனது என்று மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.