ஆள் சேர்க்கவா, கேள்வி கேட்கவா?

கேள்வி: எங்கள் பகுதியில் பெண்கள் சங்கம் ஒன்றை நடத்தி வருகிறேன். எச்.ஐ.வி தடுப்பூசி ஆராய்ச்சி செய்யும் குழு ஒன்று, தங்களுடைய சமூக ஆலோசனைக் குழுவில் சேரும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறது. நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். டாக்டர்கள் நடுவில் உட்கார்ந்து நான் என்ன பேசிவிட முடியும்? "ஊசி போட்டு எய்ட்ஸ் வரவைக்கப் போகிறார்கள், அதற்கு நீ ஆள் பிடிக்கிறாயா?" என்று இப்போதே சிலர் கேட்கிறார்கள். சேரலாமா, வேண்டாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சேருங்கள். ஆனால் தலையாட்டும் முன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "இது சரியில்லை என்று நான் சொன்னால், இந்த ஆய்வில் எதை மாற்றுவீர்கள்?" படிவத்தின் வாசகத்தை மாற்றுவோம், வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையில் வரவழைப்போம் என்று குறிப்பாக ஏதாவது சொன்னால் நல்லது. "எல்லாம் முடிவாகிவிட்டது, நீங்கள் மக்களிடம் எடுத்துச் சொன்னால் போதும்" என்றால், உங்கள் அக்கம்பக்கத்தார் சொல்வதுதான் நிஜம். ஆள் பிடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

படிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வைரஸைப் பற்றிப் பேச அங்கே ஆள் இருக்கிறது. உங்கள் தெருப் பெண்ணுக்கு எந்த நேரத்தில் வீட்டை விட்டு வர முடியும், ரத்தம் எடுத்த தழும்பைப் பார்த்து வீட்டில் யார் என்ன கேட்பார்கள் என்பது அந்த அறையில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது அந்த ஊசிப் பயத்துக்கு வருவோம். இந்தச் சோதனைத் தடுப்பூசிகளில் உயிருள்ள எச்.ஐ.வி கிடையாது. வைரஸின் சில பகுதிகளைப் போலச் செயற்கையாகச் செய்தவையோ, அவற்றை உடம்பே செய்துகொள்வதற்கான குறிப்புகளோதான் இருக்கும். ஆகவே ஊசியிலிருந்து எச்.ஐ.வி தொற்றாது. இதைத் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் "ஆபத்தே இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2007-ல் ஸ்டெப் என்ற ஆய்வை நிறுத்தினார்கள். அதில் தடுப்பூசி பாதுகாக்கவில்லை. அதோடு, ஊசி போட்டுக்கொண்ட ஆண்களில் ஒரு பிரிவினருக்கு, பின்னர் எச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பு கூடியிருந்ததும் தெரிய வந்தது. இதையும் சொல்கிறவரைத்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

உங்கள் அக்கம்பக்கத்தார் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. தடுப்பூசி போட்டதும் உடம்பு எச்.ஐ.வி.க்கு எதிரான எதிர்பொருள்களை (ஆன்டிபாடி) உண்டாக்கலாம். வழக்கமான ரத்தப் பரிசோதனை தேடுவதும் முக்கியமாக அந்த எதிர்பொருள்களைத்தான். ஆக, உடம்பில் கிருமியே இல்லாத பெண்ணுக்கும் "பாசிட்டிவ்" என்று ரிசல்ட் வரலாம். பல வருடம் கழித்தும் வரலாம். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆய்வு முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, அந்தப் பெண் கர்ப்பமாகி வேறொரு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கிறாள், வெளியே பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார், நர்ஸ் காகிதத்தோடு வருகிறார். அந்த நிமிடத்தில் அவளுக்காக யார் பேசுவது? வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் வேறு பரிசோதனை இருக்கிறது, அது உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் அதை யார் செலவில், எத்தனை வருடம் வரைக்கும் செய்து தருவார்கள்? ஆய்வில் இருந்ததற்கு ஓர் அடையாள அட்டையோ கடிதமோ உண்டா? ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் எடுக்க ஒரு தொலைபேசி எண் உண்டா? வேலைக்கான மருத்துவப் பரிசோதனை, விசா, இன்ஷூரன்ஸ், ரத்த தானம் என்று இது எங்கெல்லாம் குறுக்கே வரும்? முதல் கூட்டத்திலேயே இதைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், அந்த ஒப்புதல் படிவம். அதை வீட்டுக்கு வாங்கி வந்து, சங்கத்தில் நாலு பேருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நான் ஒருமுறை அப்படிப் படித்தேன். "நீங்கள் எந்தப் பிரிவில் சேருவீர்கள் என்பது குலுக்கல் முறையில் முடிவாகும்" என்று ஒரு வரி. எதிரே இருந்த அம்மா முகம் மலர்ந்து, "யாருக்கு விழும்?" என்றார். குலுக்கல் என்றால் பரிசுதானே! பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத ஊசி போடுவார்கள், யாருக்கு எது என்று போடுகிற டாக்டருக்கே தெரியாது என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. இன்னும் மோசம் "தடுப்பூசி" என்ற சொல். அந்தப் பெயரே தடுத்துவிடும் என்று வாக்குக் கொடுக்கிறது. தடுக்குமா என்று பார்க்கத்தான் ஆய்வே நடக்கிறது. ஊசி போட்டாச்சு, இனி ஆணுறை எதற்கு என்று ஒருவர் நினைத்துவிட்டால் தவறு அவருடையது அல்ல. எல்லா இடத்திலும் "சோதனைத் தடுப்பூசி" என்று அச்சிடச் சொல்லுங்கள். படிப்பு நின்றுபோனவர் கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும்.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கம்போடியா உதாரணம். 2004-ல் அங்கே பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம், எச்.ஐ.வி வராமல் தடுக்கும் மாத்திரை ஒன்றைச் சோதிக்கத் திட்டமிட்டார்கள். ஊசி இல்லை, மாத்திரைதான், ஆனால் பிரச்சினை இதேதான். பிற்காலத்தில் பக்கவிளைவு வந்தால் யார் பார்ப்பது, காப்பீடு உண்டா என்று அந்தப் பெண்களின் சங்கம் கேட்டது. திருப்தியான பதில் வரவில்லை. எதிர்ப்பு வலுத்து, கடைசியில் அரசாங்கமே ஆய்வை நிறுத்தியது. வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்து பிற்பாடு வேறு இடங்களில், இன்னொரு மருந்தோடு சேர்த்தும், நன்றாகவே வேலை செய்தது. இந்த மாதிரிக் கசப்புகளுக்குப் பிறகுதான், ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பும் எச்.ஐ.வி தடுப்புக்காகக் குரல் கொடுக்கும் அவாக் என்ற அமைப்பும் சேர்ந்து 2007-ல், ஆய்வின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை மக்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று வழிகாட்டி நெறிகளை வெளியிட்டன. 2011-ல் திருத்திய பதிப்பும் வந்தது. உங்களைக் கூப்பிட்ட குழுவிடம் அதன் பிரதியைக் கேளுங்கள். இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

ரிசல்ட் வரும் நாளுக்கும் இப்போதே ஏற்பாடு வேண்டும். இந்தத் துறையில் தோல்விதான் அதிகம். தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2009-ல் வந்தபோது, தொற்று சுமார் 31 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. அதைத் தாண்டி இதுவரை எந்தப் பெரிய ஆய்வும் போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் 5,400 பேர் பங்கேற்ற ஆய்வு 2020-ல் நிறுத்தப்பட்டது. ஊசி போட்டவர்களில் 129 பேருக்கும், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 123 பேருக்கும் தொற்று வந்திருந்தது. முதல் எண்ணை மட்டும் யாராவது வாட்ஸ்அப்பில் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்று என்பதுதான் செய்தி. ஊசி தொற்றைத் தரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. டி.வி.யில் வருவதற்கு முன் பங்கேற்றவர்களுக்கும் உங்கள் ஆலோசனைக் குழுவுக்கும் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ஆய்வின்போது தொற்று வந்தவர்களுக்குச் சிகிச்சை யார் பொறுப்பு, தடுப்பு மாத்திரை எல்லோருக்கும் கிடைக்குமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

"ஆள் பிடிக்கிறாயா?" என்பவர்களுக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. ஆள் சேர்க்கும் வேலையைத் தொடவே தொடாதீர்கள். தலைக்கு இவ்வளவு என்று யார் நீட்டினாலும் வேண்டாம். கூட்டத்துக்கு வந்துபோகும் செலவு, அன்றைய கூலி வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. அதையும் சங்கத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் நீங்கள் கேட்டது, வலது பக்கம் அவர்கள் செய்தது. மூன்று கூட்டம் முடிந்தும் வலது பக்கம் காலியாகவே இருந்தால், காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். அந்தக் கடிதத்தின் ஒரு நகலை, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கும் அனுப்புங்கள்.