முதலில் எஸ்.எம்.பி.எஸ்., அப்புறம் கண்ணாடி கேபினெட்: கேமிங் கம்ப்யூட்டர் கேள்வி பதில்

குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண நினைக்கும் நெல்லைப் பக்கத்து ஆட்களின் கேள்விகள் இவை. கேட்கும்போது எந்த கேம், எந்த மானிட்டர், வீட்டில் எர்த் இருக்கிறதா என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். ரூபாய்க் கணக்கு எழுத மாட்டேன். ரேம் விலை போகிற போக்கில், இன்று எழுதினால் அடுத்த வாரமே பொய்யாகிவிடும்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, பட்ஜெட் 60 ஆயிரம். மானிட்டர் இருக்கு, 1080பி, 60 ஹெர்ட்ஸ். வேலோரண்ட், ஜி.டி.ஏ. 5 ஆடுவேன். இப்ப ரைசன் 5 5600ஜி வாங்கிட்டு, வேலை கிடைச்சதும் கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்லுதான். சரியா?

பாதி சரி தம்பி. 5600ஜி-க்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது. செட்டிங்ஸைக் குறைத்து வைத்தால் வேலோரண்டுக்கும் உங்கள் 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் அது தாராளம். வினை பின்னால் கார்டு போடும்போதுதான் வரும். ‘ஜி’ இல்லாத சாதா 5600-ல் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32 எம்.பி., 5600ஜி-யில் 16 எம்.பி. அதோடு கார்டுக்குத் தகவல் போகும் பாதையான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் 5600ஜி 3.0 தலைமுறையைத் தாண்டாது. ஆர்.எக்ஸ். 6600, ஆர்.டி.எக்ஸ். 4060, 5060 என்று நம் பட்ஜெட்டுக்கு ஒத்துவரும் கார்டுகள் அந்தப் பாதையில் 8 லேனில்தான் (தடத்தில்தான்) ஓடுகின்றன. அவற்றை 3.0-ல் செருகினால் அந்தப் பாதையின் வேகம் பாதிக்குப் பாதி குறையும். கார்டின் மெமரி நிரம்பாதவரை அது தெரியாது. நிரம்பிவிட்டால் கேம் திக்கித் திக்கி ஓடும்.

அதனால் காசு கையில் இருக்கும்போதே சாதா 5600, பி550 மதர்போர்டு, 8 ஜி.பி. ரேம் இரண்டு, 8 ஜி.பி. கார்டு ஒன்று, பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) என்று போய்விடுங்கள். மொத்தத்தில் 35 முதல் 40 சதவீதம் கார்டுக்குப் போகட்டும். பணம் இடித்தால் எஸ்.எஸ்.டி.யை 500 ஜி.பி.க்கு இறக்குங்கள், முன்பக்கம் கலர் லைட் அடிக்கும் கேபினெட்டை விடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். போர்டை பி450-க்கு இறக்கினாலும் மறுபடி 3.0-க்கே வந்து நிற்பீர்கள்.

ஏ.எம்.டி.யின் அடுத்த ப்ராசஸர் சாக்கெட்டான ஏ.எம்.5-ஐ ஏன் சொல்லவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். 2022-ல் வந்த நல்ல சாக்கெட்தான், ஆனால் டி.டி.ஆர்.5 ரேமை மட்டுமே ஏற்கும். 2025 கடைசியிலிருந்து ஏ.ஐ. டேட்டா சென்டர்காரர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போகிறார்கள். குரூசியல் என்ற பெயரில் நமக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் ரேம் விலை ஏறிவிட்டது. 5600-க்குப் போடும் பழைய வகை டி.டி.ஆர்.4-ம் ஏறித்தான் கிடக்கிறது. ஆனால் அது பழைய சிஸ்டங்களில் கிடைக்கும். சொந்தக்காரர் வீட்டில் சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்பில் டி.டி.ஆர்.4 இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ப்ரோகிராமை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரு பிழைகூட வராவிட்டால் போட்டுக்கொள்ளலாம். லேப்டாப் ரேம் குட்டை, பொருந்தாது.

அம்பாசமுத்திரம்: 40 ஆயிரத்துக்கு ஒரு பில்டு சொல்லுங்க.

எந்த கேம்? எந்த மானிட்டர்?

மேலப்பாளையம்: கம்பெனியில கழிச்சுவிட்ட ஆபீஸ் சிஸ்டம் ஒண்ணு சல்லிசா வருது. ஐ5 நாலாம் தலைமுறை. அதுல கார்டு போட்டா கேமிங் ஆகிருமா?

கேபினெட்டைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள். ஒல்லி டப்பாவாக இருந்தால் பாதி உயரக் கார்டுதான் உள்ளே போகும். அந்தப் பெரிய கம்பெனி சிஸ்டங்களில் பலவற்றின் எஸ்.எம்.பி.எஸ். பின் அமைப்பே வேறு; கடையில் வாங்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அந்த போர்டில் பொருந்தாது. கார்டுக்குத் தனியாகப் போகும் 8 பின் ஒயரும் இருக்காது. அதனால் ஆர்.டி.எக்ஸ். 3050-ன் 6 ஜி.பி. வகை மாதிரி, 70 வாட்டில் ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும் கார்டுதான் சரிப்படும். கவனம், 8 ஜி.பி. வகை வேறு, அதற்கு ஒயர் வேண்டும்.

இன்னொன்று, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். விண்டோஸ் 11-ல் வேலோரண்ட் ஆட டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். எட்டாம் தலைமுறை கிடைத்தால் வாங்குங்கள். நாலாம் தலைமுறை வேண்டாம்.

தியாகராஜநகர், ஒரு அம்மா: பையன் பன்னிரண்டாம் வகுப்பு. படிப்புக்குத்தான் என்று சொல்லி ஒரு லட்சத்துக்கு கம்ப்யூட்டர் கேட்கிறான். அவ்வளவு தேவையா சார்?

படிப்புக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை அம்மா. பில்லில் கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒரு வரி இருந்தால் அது விளையாட்டுக்கு. வாங்கித் தருவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம், நான் வரவில்லை. வாங்கினால் ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். வாரண்டிக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.

வள்ளியூர்: அண்ணாச்சி, ஒரு பக்கம் கூடங்குளம், ஒரு பக்கம் காத்தாடி. ஆனாலும் எங்க தெருவுல கரண்ட் போகத்தான் செய்யுது. வீட்டுல இன்வர்ட்டர் இருக்கு, 150 ஏ.ஹெச். பேட்டரி. கம்ப்யூட்டருக்குத் தனியா யூ.பி.எஸ். வாங்கணுமா?

இன்வர்ட்டர் மேல் ப்யூர் சைன் வேவ் என்று எழுதியிருக்கிறதா, ஸ்கொயர் வேவ் என்றா? முதலாவது லைன் கரண்ட் மாதிரி வளைந்த அலை, இரண்டாவது சதுர அலை. சைன் வேவ் என்றால் அதில் யூ.பி.எஸ். மோடு, நார்மல் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். யூ.பி.எஸ். மோடில் வைத்தால் தனி யூ.பி.எஸ். வேண்டாம். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். என்றால் காகிதத்தில் 1800 வாட் அவர். இழப்பெல்லாம் போக, கேம் ஆடும்போது 300 வாட் இழுக்கும் சிஸ்டத்தோடு ஃபேனும் லைட்டும் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஓட்டலாம். ஸ்கொயர் வேவ் என்றால் புது சிஸ்டத்தை அதில் மாட்டாதீர்கள்.

நாங்குநேரி, எலக்ட்ரீஷியன்: ஏன் மாட்டக்கூடாது? 20 வருஷமா வயரிங் வேலை பாக்கேன். ஜெராக்ஸ் கடை, ஸ்டுடியோ எல்லாம் ஸ்கொயர் வேவ்லதான் கம்ப்யூட்டர் ஓட்டுதாங்க. ஒண்ணும் எரியல. சின்னப் பயலுவளச் சும்மா பயங்காட்டாதீங்க.

ஓடுவது உண்மை அண்ணாச்சி. அந்த சிஸ்டங்களில் எந்த எஸ்.எம்.பி.எஸ். இருக்கிறது என்று திறந்து பாருங்கள். பெரும்பாலும் கேபினெட்டோடு சேர்ந்து வந்ததாக இருக்கும், அதில் ஆக்டிவ் பி.எஃப்.சி. (கரண்ட் இழுப்பதைச் சீராக்கும் சர்க்யூட்) இருக்காது. வருகிற கரண்டை டயோடு வழியாக எடுத்து கெப்பாசிட்டரில் நிரப்பும், அவ்வளவுதான். அலை எந்த வடிவில் வந்தாலும் அதற்குக் கவலை இல்லை. நான் வாங்கச் சொல்லும் 80 பிளஸ் ப்ரான்ஸ் தரச்சான்று உள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பி.எஃப்.சி. சர்க்யூட் உண்டு. அது அலையின் வடிவத்தைப் பின்தொடர்ந்தே கரண்ட் இழுக்கும். சதுரமாக வந்தால் சிலது ரீங்காரமிடும். சிலது கார்டு முழு லோடில் இருக்கும்போது பட்டென்று அணைந்துவிடும். மட்டமான சரக்கு பொறுத்துப்போகிறது, நல்ல சரக்கு முரண்டு பிடிக்கிறது. உங்கள் அனுபவமும் நான் சொல்வதும் இடிக்கவில்லை.

களக்காடு: அப்ப மட்டமான எஸ்.எம்.பி.எஸ்.ஸே போட்டுட்டா பிரச்சினை இல்லல்லா?

இப்படி ஒருவர் வருவார் என்று தெரியும். கேபினெட்டோடு வந்த அந்த டப்பாவின் ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே பெரிதாக 450 வாட் என்று இருக்கும். கீழே கட்டத்தில் +12வி என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்தான். ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்.எக்ஸ். 6600 மட்டுமே 132 வாட், 5600-க்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் அதற்கு மேல் எடுக்கும். 192-ல் எங்கே அடங்கும்? லோடு மிஞ்சினால் தானாக அணையும் பாதுகாப்பும் அந்த டப்பாக்களில் பெயருக்குத்தான். போகும்போது கார்டையும் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

நாங்குநேரி, எலக்ட்ரீஷியன்: சரி, பி.எஃப்.சி. கதைய ஒத்துக்கிடுதேன். ஆனா யூ.பி.எஸ். மோடுல போடச் சொல்லுதீயளே, லோ வோல்ட்டேஜ் ஊர்ல என்ன ஆகும்? 180-க்குக் கீழ போனதும் பேட்டரிக்குத் தாவும். பேட்டரி ஒரே வருஷத்துல காலி. அதையும் சொல்லுங்க.

இது நியாயமான பாயிண்ட், எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். யூ.பி.எஸ். மோடில் இன்வர்ட்டர் வோல்ட்டேஜ் விஷயத்தில் கறாராக இருக்கும், நார்மல் மோடில் 100, 110 வோல்ட் வரைக்கும் கண்டுகொள்ளாது. ஆனால் நார்மல் மோடில் கரண்ட் மாறும் இடைவெளி கூடிவிடும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். முழு லோடில் கரண்ட் இல்லாமல் 16, 17 மில்லி செகண்ட்தான் மூச்சுப்பிடிக்கும். யூ.பி.எஸ். மோடில் இன்வர்ட்டர் அதற்குள் வந்துவிடும், நார்மல் மோடில் நிச்சயமில்லை. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது தாண்டிவிடும், கேம் நடுவில் ரீஸ்டார்ட் ஆகும்.

லோ வோல்ட்டேஜ் ஊர்க்காரர்கள் சைன் வேவ் இன்வர்ட்டரை நார்மல் மோடிலேயே விட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் நடுவில் ஒரு யூ.பி.எஸ். வையுங்கள். அதுவும் பேட்டரிக்குப் போனால் சதுர அலைதான் தரும், ஆனால் இன்வர்ட்டர் பிடிக்கும்வரை சில செகண்ட்தான். 600 வி.ஏ. என்று வாங்கினால் 360 வாட்தான் கிடைக்கும், அது இறுக்கம். 1000 வி.ஏ. வாங்குங்கள்.

டவுன்: கேபினெட்டைத் தொட்டால் சுர்ருன்னு ஒரு மாதிரி இருக்கு. ரேம் ப்ராப்ளமா?

ரேமா! எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இரண்டு குட்டி கெப்பாசிட்டர்கள் போகும். எர்த் ஒயர் இல்லாவிட்டால் மெயின் வோல்ட்டேஜில் பாதி, 115 வோல்ட் சுமார், பாடியில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்று மட்டும் இருக்கிறது. பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. கார்டு வாங்குமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நாங்குநேரி அண்ணாச்சியே வருவார்.

கரண்ட் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். கம்ப்யூட்டர் கேட்டவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

சேரன்மகாதேவி: 40 ஆயிரத்துக்கு பெஸ்ட் பில்டு?

அம்பாசமுத்திரத்துக்குச் சொன்னதுதான்.

உவரி: கடல் காத்து. போன சிஸ்டத்துல ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. புதுசுக்கு என்ன செய்யலாம்?

நல்ல கேள்வி. உப்புக் காற்று முதலில் பின்பக்கத் தகட்டையும் ஸ்க்ரூ தலைகளையும் பிடிக்கும், அப்புறம் யூ.எஸ்.பி. வாய், கடைசியில் ரேம் ஸ்லாட். கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிரில் வைக்காதீர்கள். நாள் கணக்கில் அணைத்துப் போடாதீர்கள்; ஓடும்போது உள்ளே இருக்கும் சூட்டில் ஈரம் தங்காது. பயன்படுத்தாத ஸ்லாட், சாக்கெட்டுகளுக்கு ரப்பர் மூடி கிடைக்கும், போடுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை ரேமைக் கழற்றி, அந்தத் தங்க நிறப் பற்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். துணி உறை போடுவதாக இருந்தால் அணைத்த பிறகு மட்டும்.

ஜங்ஷன் பக்கம்: 2023 டிசம்பர் வெள்ளத்துல சிஸ்டம் முங்கிருச்சு. காய வச்சு எடுத்து வச்சிருக்கேன். அதுல உள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் புதுசுக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. தண்ணீர் காய்ந்தாலும் சகதி உள்ளே அப்படியே இருக்கும், கரண்ட் கொடுத்தால் அது பாதை போட்டுக்கொடுக்கும். ப்ராசஸரையும் ரேமையும் வேண்டுமானால் சுத்தம் செய்து சோதிக்கலாம்.

பேட்டை: ஆர்.எக்ஸ். 580 2048எஸ்.பி., 8 ஜி.பி., ஆன்லைன்ல ரொம்ப கம்மி விலை. புதுசுன்னு போட்டிருக்கான்.

அசல் 580 வந்தது 2017-ல், அதில் 2304 ஷேடர்கள் (படம் வரையும் குட்டிக் கோர்கள்). 2048 என்று இருந்தால் அது 570-ன் கணக்கு. கிரிப்டோ மைனிங்கில் உழைத்த சிப்பைக் கழற்றிப் புது போர்டில் ஒட்டி விற்பதும் இதில் நிறைய நடக்கிறது. ஏ.எம்.டி.யும் இந்தத் தலைமுறைக்குப் புது வசதி எதுவும் தருவதில்லை. நேரில் பார்த்து, ஓட்டிக்காட்டச் சொல்லி, பில்லோடு வாங்கும் செகண்ட் ஹேண்ட் ஆர்.எக்ஸ். 6600 எவ்வளவோ மேல்.

தச்சநல்லூர்: கத்திரி வெயிலுக்கு லிக்விட் கூலர் வேணுமா?

65 வாட் ப்ராசஸருக்கு டப்பாவில் வரும் கூலரே போதும். முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலை வைத்த கேபினெட் எடுங்கள். அறையே 38 டிகிரி இருந்தால் எந்தக் கூலராலும் அதற்குக் கீழே கொண்டுவர முடியாது.

தென்காசி: கேமிங் லேப்டாப் எது வாங்கலாம்?

லேப்டாப் எனக்குத் தெரிந்த துறை இல்லை. வேறு யாரையாவது கேளுங்கள்.

கல்லிடைக்குறிச்சி: 40 ஆயிரம் பட்ஜெட்ல...

மானிட்டர்?

பாளையங்கோட்டை, அதே மாணவர்: அண்ணாச்சி, நீங்க சொன்னபடியே வாங்கி மாட்டியாச்சு. ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே வரல. கை நடுங்குது.

நடுங்க வேண்டாம். மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்?

மாணவர்: மேல, யூ.எஸ்.பி. பக்கத்துல.

அது மதர்போர்டின் வாய். சாதா 5600-ல் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, அங்கே எதுவும் வராது. கீழே படுக்கைவாட்டில் கார்டின் வாய் இருக்கும், அதில் மாற்றுங்கள். அப்படியும் வராவிட்டால் ரேமைக் கழற்றி, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள். டிஸ்ப்ளே வந்ததும் பயாஸுக்குள் (போர்டின் செட்டிங்ஸ் திரை) போய், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி.யை ஆன் பண்ணுங்கள். இல்லாவிட்டால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் 2133-லோ 2400-லோ ஓடும்.