அப்பப்பாவின் மொரிஸ் மைனர்: எஞ்சினைத் தொடும் முன் எதைத் தொட வேண்டும்?

செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பப்பாவின் 1965ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, நாலு கதவு, 2011இலிருந்து வளவின் பின்பக்கக் கொட்டிலில் நிற்கிறது. எஞ்சின் இறுகிவிட்டது, ஹேண்டில் போட்டாலும் சுற்றுவதில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர், "இதைக் கழற்றி எறிந்துவிட்டு டட்சன் 1200 எஞ்சின் போடு, டிஸ்க் பிரேக்கும் ஏசியும் சேர்த்துச் செய்" என்கிறாராம். வாசகரும் தம்பியும் சனி ஞாயிறுகளில் வீட்டிலேயே செய்ய நினைக்கிறார்கள். அவர் கேட்பது இரண்டு கேள்விகள். எஞ்சினை மாற்றலாமா? வேலையை எங்கே தொடங்குவது?

எஞ்சினை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். தொடங்க வேண்டிய இடம் வண்டியின் அடித்தகடு. அடுத்தது முன் கால், அதாவது முன் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு, பிறகு பிரேக். எஞ்சின் அதற்குப் பிறகுதான். வீட்டில் தொடங்கிய வண்டிகளில் பாதி ஏன் சாக்கு மூடிக் கிடக்கின்றன என்று பார்த்தால், காரணம் எப்போதும் ஒன்றுதான். முதல் மாதத்திலேயே எஞ்சினைக் கழற்றிக் காசை அதில் கொட்டிவிடுவார்கள். அப்புறம் கீழே குனிந்து பார்த்தால் எஞ்சினைத் தாங்கத் தகடு இருக்காது.

மொரிஸ் மைனருக்குத் தனிச் சேசி கிடையாது. உடம்பும் அடித்தகடும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே பெட்டி அது. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடு கறள் தின்று போனால், அழகு மட்டும் போகவில்லை, வண்டியின் முதுகெலும்பே போய்விட்டது என்று அர்த்தம். நீங்கள் இருக்கும் இடம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று வண்டியை மேலிருந்து தின்னும். மணல் தரையின் ஈரம் கீழிருந்து தின்னும். பதினான்கு வருடத்துக்கு மேல் மணலில் நின்ற வண்டி, அதை மறக்க வேண்டாம்.

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில் நீளத்துக்கு மெதுவாக இழுத்துப் போங்கள். பிடிக்காத இடத்தில் உள்ளே தகடு இல்லை, பட்டி மட்டும்தான் இருக்கிறது. அடுத்து ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று கூர்மையாகச் சத்தம் போடும். கெட்டது ஈரத் தேங்காய் மட்டையைத் தட்டியதுபோல மொத்தென்று இருக்கும். முன் சீற்றுகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் தகட்டின் இரு முனைகள், பின் ஸ்பிரிங்கின் முன் முனை பொருந்தும் இடம், முன் சக்கரங்களுக்கு உட்பக்கம் ஆகியவற்றைக் கட்டாயம் தட்டிப் பாருங்கள். அந்தக் குறுக்குத் தகட்டில்தான் முன் சக்கரங்களின் டோர்ஷன் பார் இரண்டும், அதாவது ஸ்பிரிங்போல வேலை செய்யும் முறுக்குக் கம்பிகள், பின்பக்கம் பூட்டப்பட்டிருக்கின்றன. அது உக்கினால் சக்கரத்தைத் தாங்கும் முறுக்கு முழுவதும் உக்கிய தகட்டில்தான் தொங்கும்.

2004 சுனாமியில் தண்ணீர் ஏறிய ஒரு மைனரைச் சில வருடங்களுக்குப் பிறகு என்னிடம் கொண்டுவந்தார்கள். வெளியே பெயின்ற் கண்ணாடி மாதிரி. காந்தம் வைத்தால் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கீழே ஜக் வைத்துத் தூக்கினேன். வண்டி எழும்பவில்லை, ஜக்தான் சில் தகட்டுக்குள் ஏறிப் போனது. பட்டிக்குப் பின்னால் உப்பு இருந்தால் தகடு உள்ளிருந்தே கரையும், அதை எந்தப் பெயின்றும் தடுக்காது.

சில் மாற்ற வேண்டி வந்தால் வெட்டும் முன் கதவு வாசல்களில் கோணக் கம்பியைக் குறுக்கே பற்றவைத்துத் தாங்கல் கொடுங்கள். இல்லையென்றால் வெட்டியதும் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு கதவு ஒருநாளும் மூடாது. ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். வெல்டிங்குக்கு முன் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வளவுக்கு வெளியே வையுங்கள். அது டிக்கியின் தரைக்குக் கீழே இருக்கிறது, திருகாணிகள் மேலிருந்தே தெரியும். வெறும் தாங்கி என்று நினைக்காதீர்கள், பெற்றோல் ஆவிதான் வெடிக்கும். தகடுகளுக்கு அலைய வேண்டியதில்லை. மைனருக்கான உடம்புத் தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கும் போயிருக்கின்றன.

கொட்டிலின் மணல் தரை பற்றி ஒரு சொல். ஜக்கை மணலில் நேரே வைக்க வேண்டாம். தடித்த பலகை போட்டு, அதன் மேல் ஜக் ஸ்ராண்ட் வையுங்கள். வெறும் ஜக்கில் நிற்கும் வண்டிக்குக் கீழே தலையை விடாதீர்கள், கல் அடுக்கி வைப்பதும் வேண்டாம். தரையில் தடித்த பொலித்தீன் விரித்தால் ஈரமும் ஏறாது, விழுந்த நட்டும் மணலுக்குள் மறையாது. எஞ்சின் இறக்க வேண்டி வந்தால் மாமரக் கொப்பில் செயின் புளொக் கட்டாதீர்கள். வாடகைக்கு எஞ்சின் கிரேன் எடுங்கள்.

இனி முன் கால். எஞ்சினைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன். சக்கரத்தைத் தாங்கும் ஸ்விவல் பின் மேலும் கீழும் மரை வெட்டியது. அந்த மரை, ட்ரனியன் என்ற துண்டுக்குள் இறங்கியிருக்கும். கிறீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்றுவிடும். சக்கரம் அப்படியே மடிந்து வண்டிக்குக் கீழே போகும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் இது நடக்கும். கல்லடியில் என் கண் முன்னாலேயே ஒரு மைனர் கடை வாசலுக்குள் திரும்பியபோது முன் மூலை நிலத்தில் இருந்தது. வேகம் நடக்கிற வேகம்தான். அதுவே கல்முனை வீதியில் 60 கிலோமீற்றரில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பேன்.

சோதிப்பது சுலபம். முன் சக்கரம் நிலத்தை விட்டு எழும்படி வண்டியைத் தூக்குங்கள். ரயருக்குக் கீழே நீளக் கடப்பாரையை வைத்து மேலே நெம்புங்கள். தம்பி ட்ரனியனில் விரலை வைத்துப் பார்க்கட்டும். மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால் அந்தப் பக்கத்து ட்ரனியனையும் ஸ்விவல் பின்னையும் மாற்றியே ஆக வேண்டும். நல்லதாக இருந்தாலும் கிறீஸ் நிப்பிள்களைச் சுத்தம் செய்து, பழைய கிறீஸ் வெளியே தள்ளப்படும் வரை அடியுங்கள். பிறகு 1000 மைலுக்கு ஒரு தரம். டோர்ஷன் பாரைக் கழற்றுவது மட்டும் வீட்டு வேலை அல்ல. அது முறுக்கிய கம்பி, தவறினால் கையையே முறித்துவிடும். பழகிய ஒருவரைக் கூப்பிடுங்கள்.

பிரேக்குக்கு வருவோம். உங்கள் வண்டியில் முன்பக்கம் 8 இஞ்சி டிரம். ஒவ்வொரு முன் சக்கரத்திலும் இரண்டு சிலிண்டர், இரண்டு சரிசெய்யும் திருகு. 1098 சிசி எஞ்சினோடு இது போதும். பலர் "டிரம் பிடிக்காது" என்று சொல்வது, இரண்டு திருகில் ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு விடுவதால். சக்கரம் பூட்டும் வரை திருகி, ஒரு கிளிக் பின்னால் விடுங்கள். இப்படி நாலையும் செய்தபின் பாருங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, அடித்தகட்டின் சட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது. பிரேக் எண்ணெய் ஊற்றும் மூடி கார்ப்பெற்றுக்குக் கீழே ஒரு துளை வழியாகத் தெரியும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, அதுதான் பிரச்சினை. கழற்றப் போனால் இரண்டு நீள போல்ற்றும் டோர்ஷன் பாரில் முட்டி வெளியே வராது, அங்கேயும் பழகிய கை வேண்டும். இவ்வளவு காலம் நின்ற சிலிண்டர்களில் ரப்பர் நிச்சயம் கெட்டிருக்கும். முழு ரப்பர்களையும், குழாய்களையும், மூன்று நெகிழ் குழாயையும் புதிதாகவே போடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒரே சுற்று பிரேக் இது. ஒரு குழாய் வெடித்தால் மிதிக்க ஒன்றுமே இருக்காது. பழைய லைனிங்கின் தூளில் கல்நார் இருக்கலாம். காற்று அடித்து ஊதாமல், தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

சரி, இப்போது அந்த இறுகிய எஞ்சின். முதலில் எஞ்சின் எண்ணெயை வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். வால்வ் மூடியைத் திறந்து, ஒட்டிப்போன வால்வ் இருக்கிறதா பாருங்கள். அதைக் கவனிக்காமல் சுற்றினால் தள்ளுகம்பி வளையும். பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒட்டோமற்றிக் கியர் எண்ணெயும் அசிற்றோனும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு கரண்டி ஊற்றுங்கள். அசிற்றோன் உடனே தீப்பிடிக்கும், பீடியும் விளக்கும் தூரத்தில் இருக்கட்டும். இரண்டு வாரம் விட்டு, இடையிடையே ஊற்றி வாருங்கள். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் சுற்ற வைக்க வேண்டாம், பிஸ்டன் ரிங் உடையும். நாலாம் கியரில் போட்டு, பின் சக்கரத்தைத் தூக்கி, கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். தலைமுடி அளவு அசைவு வந்தால் போதும், வழி திறந்துவிட்டது.

அது அசையவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். சிலிண்டர் ஹெட்டைத் திறந்து, லேத் கடையில் சிலிண்டர் துளையின் தேய்வைச் சோதித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஹெட் கையில் இருக்கும்போதே வெளியேற்று வால்வுகள் வந்து உட்காரும் இடத்தில் கடின வளையம் (வால்வ் சீற்று) அடித்துவிடுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்கு வடிவமைத்தது, நமக்கு இப்போது அது கிடையாது. பூட்டும்போது ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, 40 இறாத்தல்-அடி அளவுக்குப் படிப்படியாக இறுக்குங்கள். வால்வ் இடைவெளி குளிர்ந்திருக்கும்போது 0.012 இஞ்சி.

கருவியில் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியின் நட்டுகள் இஞ்சி அளவு. அரை இஞ்சி நட்டுக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பானர் போனால் பொருந்துவதுபோல இருக்கும். 0.3 மில்லிமீற்றர்தான் வித்தியாசம். அதுவே கறள் பிடித்த நட்டின் மூலையை உருட்டிவிடும். ஒரு இஞ்சி ஸ்பானர் செற் முதலில் வாங்குங்கள்.

தண்ணீர்ப் பாதையில், நாலாவது சிலிண்டரைச் சுற்றி பிளொக்குக்குள் சேறு உறைந்திருக்கும். வடிகுழாயைக் கழற்றிக் கம்பியால் கிளறி எடுங்கள். நம் பகுதிக் கிணற்றுத் தண்ணீர் ரேடியேற்றருக்கு ஆகாது, உப்பு படியும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் போடுங்கள்.

மின்சாரம் தொடும்போது நினைவில் வையுங்கள், தொழிற்சாலையிலிருந்து வந்த மைனரில் பற்றரியின் பொசிற்றிவ்தான் உடம்போடு இணைந்திருக்கும். வழக்கம்போல நெகற்றிவ்வை உடம்பில் பூட்டினால், இடையில் யாரோ போட்ட ரேடியோ எரிந்துபோகலாம். எது எங்கே போகிறது என்று கழற்றும் முன் படம் எடுத்து வையுங்கள். பெற்றோல் பம்ப் வேலை செய்யாவிட்டால் உடனே மாற்றாதீர்கள், உள்ளே பொயின்ற் கறுத்திருக்கும். சுத்தம் செய்தால் பெரும்பாலும் 'டிக் டிக்' என்று எழுந்துவிடும்.

டட்சன் எஞ்சின் பற்றி மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. நல்ல எஞ்சின்தான், ஏறக்குறைய 20 குதிரைச் சக்தி கூடும். ஆனால் கியர் பொக்ஸ் தாங்கும் தகட்டை வெட்ட வேண்டும், சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்டின் நீளத்தை மாற்றி பலன்ஸ் பண்ண வேண்டும், மைனரின் பின் அச்சு அந்த இழுவைக்குச் செய்ததல்ல. அப்போது டிஸ்க் பிரேக் விருப்பம் இல்லை, கட்டாயம். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் கொள்ளளவும் மாறும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். நீங்கள் மட்டக்களப்பு, கல்முனை, ஊர் என்று ஓடப்போகிறீர்கள், எல்லாம் தட்டை நிலம். 48 குதிரைச் சக்தி அதற்குத் தாராளம். செங்கலடியிலிருந்து பதுளை ஏறுவது என்றால் இரண்டாம் கியரில் பொறுமையாக ஏறும், ஏறாமல் நிற்காது. ஏசி வேண்டாம். இந்த டைனமோவும் ரேடியேற்றரும் அதைச் சுமக்காது.

பெயின்றைக் கடைசிக்கு வையுங்கள், காலத்தையும் பாருங்கள். மாரியில் ஈரம், தகட்டில் வெள்ளை படியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசி வந்து ஒட்டும். மாசி, பங்குனி, காலைப் பொழுது நல்லது. இரு பாகம் கலக்கும் பெயின்ற் அடிப்பதென்றால் சாதாரணத் துணி முகக்கவசம் போதாது, அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். அதை வெளியே அடிக்கக் கொடுப்பதே என் விருப்பம்.

இதெல்லாவற்றுக்கும் முன், ஸ்பானர் எடுக்கும் முன்னமே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அப்பப்பாவின் பெயரில் உள்ள புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதிலுள்ள சேசி நம்பரை எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டோடும், எஞ்சின் நம்பரை டைனமோவுக்கு மேலே பிளொக்கில் பொருத்திய சிறு தகட்டோடும் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையென்றால் காசு போட வேண்டாம், முதலில் அதைத் தீருங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடமாக நின்றிருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்டு வையுங்கள்.

இந்தச் சனிக்கிழமை சில் தகட்டைத் தட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை வைத்து ட்ரனியனைப் பாருங்கள். காந்தம் எங்கெங்கே பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் வண்டியை வரைந்து குறித்து அனுப்புங்கள். எந்தத் தகட்டிலிருந்து வெட்டத் தொடங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.