கார் ஏசியில் பிழைக் குறியீடு வருகிறது, சென்சாரை நானே மாற்றிவிடலாமா?

ஆட்டோமேடிக் ஏசி உள்ள கார், திடீரென்று குளிர்ச்சி நின்றுவிட்டது, ஸ்கேனரில் (காரின் பிழைக் குறியீட்டைப் படிக்கும் கருவி) 'வெளி வெப்பநிலை சென்சார் சர்க்யூட்' என்று வருகிறது, சென்சாரை வாங்கி நானே மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டலாம், கஷ்டமான வேலையே இல்லை. ஆனால் அதே குறியீட்டை நம்பி புது சென்சார் வாங்கி மாட்டி ஏமாந்தவன் நான். 'சர்க்யூட்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். சென்சார், அதன் கனெக்டர், ஒயர், அந்தப் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். இதில் எது கெட்டிருந்தாலும் வருவது ஒரே குறியீடுதான்.

என் கதை இப்படி. நல்ல வெயில் நாளில், வெளியே மைனஸ் 40 டிகிரி என்று காட்டியது டேஷ்போர்டு. சிரித்துவிட்டு ஏசியைப் போட்டால் அனல் காற்று. உறைபனி என்று நம்பிவிட்ட கம்ப்யூட்டர், ஏசி கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசரை ஓட விடாமல் ஹீட்டரைத் திறந்து வைத்திருக்கிறது! குளிர் அதிகமாக இருக்கும்போது கம்ப்ரசரைத் தடுத்து வைப்பது பெரும்பாலான கார்களில் உள்ள பாதுகாப்பு ஏற்பாடு. பம்பருக்குப் பின்னால் இருந்த சென்சாரை மாற்றினேன். மறுபடியும் மைனஸ் 40.

இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. சென்சார் என்பது இரண்டு ஒயர் கொண்ட சாதாரண தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) குறையும், குளிரக் குளிரக் கூடும். ஒயர் எங்காவது அறுந்தால் ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் போய்விடும். கம்ப்யூட்டருக்கு அது படுபயங்கரக் குளிராகத் தெரியும், தன் அளவுகோலின் அடிமட்ட எண்ணைக் காட்டும். அதனால் மைனஸ் 40 பார்த்தால் முதலில் 'அறுந்திருக்கிறது' என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். சென்சாரைக் கழற்றி, ஒயர் பக்கக் கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ஒயர் துண்டால் இணைத்துவிட்டு, ஸ்கேனரின் லைவ் டேட்டாவை, அதாவது அந்த நொடியில் கம்ப்யூட்டர் படிக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். எண் அடிமட்டத்திலிருந்து உச்சத்துக்குத் தாவினால் ஒயரும் கம்ப்யூட்டரும் நலம், கெட்டது சென்சார். தாவாவிட்டால் ஒயரைத் தேட வேண்டியதுதான். எனக்குத் தாவவில்லை. ஒயரைக் கையால் பிடித்து அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டே போனேன். கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி வளைத்தபோது எண் சட்டென்று மேலே போய் உடனே விழுந்தது. மேலுறை பார்வைக்கு முழுசாகத்தான் தெரிந்தது, கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. முன்பு ஒரு பட்டறையில் நசுங்கிய பம்பரைக் கழற்றி மாட்டியபோது ஒயரை இழுத்து விட்டிருக்கிறார்கள், அதில் விழுந்த கண்ணுக்குத் தெரியாத விரிசலில் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெட்டி, சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். அரை மணி நேர வேலை.

இதில் இரண்டு எச்சரிக்கை. இரண்டு ஒயர் தெர்மிஸ்டருக்கு மட்டும்தான் இப்படி இணைத்துப் பார்க்கலாம், மூன்று ஒயர் உள்ள பிரஷர் சென்சாரில் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, சில கார்கள் பிழை கண்டதும் தாங்களாகவே ஒரு பொய் எண்ணை வைத்துக்கொள்ளும். பழைய குறியீட்டை அழித்துவிட்டு சோதித்தால் குழப்பம் இருக்காது. டேஷ்போர்டு எண்ணையும் நம்ப வேண்டாம். இன்ஜின் சூடு சேர்ந்து தப்பாகக் காட்டக்கூடாது என்பதற்காகப் பல கார்களில் அது மெதுவாகத்தான் ஏறும்.

சென்சாரை மட்டும் தனியாகப் பார்க்க மல்டிமீட்டர் போதும். பல டொயோட்டா கார்களில் 25 டிகிரிக்கு 1.7 கிலோ ஓம் சுற்றி இருக்கும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருக்கலாம். எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். ரெசிஸ்டன்ஸ் சீராக இறங்கினால் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது.

ஸ்கேனர் பற்றியும் ஒரு வார்த்தை. குறியீட்டின் முதல் எழுத்து ஆங்கிலத்தில் இன்ஜின் பக்கத்துக்கு P, பாடி பக்கத்துக்கு B, தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி'! ஏசி குறியீடுகள் பெரும்பாலும் பாடி வரிசையில் வரும். மலிவான ரீடர் இன்ஜின் வரிசையை மட்டுமே படிக்கும், அதில் 'பிழை இல்லை' என்று வந்தால் ஏசிக்கு அது நற்சான்றிதழ் ஆகாது. கேஸ் பிரஷர் சென்சார் (P0530 முதல் P0533 வரை), கம்ப்ரசர் ரிலே (P0645) போன்ற சில மட்டும் இன்ஜின் வரிசையிலேயே வரும்.

பல டொயோட்டா கார்களுக்கு ஸ்கேனரே வேண்டாம். ஆட்டோ பட்டனையும் உள்காற்றுச் சுழற்சி பட்டனையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு சாவியைத் திருப்பினால் பேனலே எண்ணைச் சொல்லும். 11 உள் வெப்பநிலை, 12 வெளி வெப்பநிலை, 13 எவாப்பரேட்டர் (டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் பகுதி), 21 வெயில் சென்சார். இருட்டு ஷெட்டில் நின்று செய்தால் 21 வந்தே தீரும். வெயில் இல்லை என்பதைத்தான் பாவம் அது சொல்கிறது, அதற்காக சென்சார் வாங்கிவிடாதீர்கள்.

உள் வெப்பநிலைக் குறியீடு என்றால் டேஷ்போர்டில் உள்ள சின்னச் சல்லடையையும் பாருங்கள், அதன் வழியாக இழுக்கப்படும் காற்றைத்தான் உள் சென்சார் அளக்கிறது. ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்தால் லேசாக ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் தூசி அடைத்திருக்கலாம். டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் காற்றுக் கதவைத் திருப்பும் மோட்டாரில் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேஸ் குழாய்களைக் கழற்றாதீர்கள், அதற்கு உரிய மெஷின் உள்ளவரிடம் விடுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக்.

முதலில் அந்த இரண்டு முனைகளை இணைத்துப் பார்த்துவிட்டு, எண் எங்கிருந்து எங்கே போனது, கார் எந்த வருட மாடல் என்று எழுதுங்கள். மேற்கொண்டு பார்க்கலாம்.